வண்டியில் ஏறும் துவக்கு

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு வண்டியும் தண்ணீர் பம்பியும் திருத்துகிறவனுக்கு வேட்டைத் துவக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஊருக்குத் திரும்பி வருமுன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஹேர்ஸ்ட் என்கிற சின்ன ஊருக்கும் அப்பால் ஒரு வேட்டை முகாமில், இலையுதிர் காலங்களில் வேலை செய்தேன். நான் போனது மெக்கானிக்காக. முகாமில் மோட்டார்சைக்கிள் போலக் கைபிடி வைத்த நாலு சில்லு வண்டிகள், அங்கே ஏ.டி.வி. என்பார்கள், வரிசையாக நிற்கும். மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்கு வருகிற விருந்தினரை விடிய முன்னம் காட்டுப் பாதையால் ஏற்றிப் போய் இறக்க வேண்டும், மூஸ் விழுந்தால் இறைச்சியை இழுத்து வர வேண்டும். ஒரு கடா மூஸ் 400, 500 கிலோ வரும், ஆகவே வண்டி இல்லாமல் அந்த வேலை நடக்காது. வண்டியைப் பார்ப்பதுதான் என் வேலை என்று இருந்தேன். வண்டியில் என்ன ஏறுகிறது என்பதையும் நீதான் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொன்ன பிறகுதான் துவக்கு என் வேலைக்குள் வந்தது.

எங்கள் வயதுக்காரருக்குத் துவக்கு என்றால் யுத்த காலத்துச் சென்றிப் பொயின்ற், அந்தச் சோதனைச் சாவடிதான் ஞாபகம் வரும். சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கிறவனின் கையில் இருப்பதைப் பார்க்காத மாதிரிப் பார்த்து நடந்து பழகியவர்கள் நாங்கள். துவக்கு என்றால் மற்றவன் கையில் இருப்பது, எங்களை நோக்கி இருப்பது. அதை நானே கையில் வாங்கி, திறந்து, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்றபோது கொஞ்சம் கூசியது, உண்மைதான். ஆனால் அந்த நாட்டில் லைசென்ஸ் எடுக்க முன்னம் பாதுகாப்பு வகுப்பு இருக்கிறது, எழுத்துப் பரீட்சையும் செய்முறையும் இரண்டிலும் 80 வீதம் எடுக்க வேண்டும், அந்த வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறது ஒன்றுதான்: எந்தத் துவக்கைக் கையில் எடுத்தாலும் அது ஏற்றியிருக்கிறது என்றே நினை, குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்று எப்போதும் கவனி, விரலை விசைக்கு வெளியே வை, பிறகு அது வெறுமையா என்று நீயே பார். மற்றவன் சொன்னான் என்று விடாதே. சென்றியில் வளர்ந்த ஆளுக்கு முதல் மூன்றும் சொல்லாமலே தெரியும். நாலாவதுதான் புதிது.

ஒன்ராறியோ சட்டம் இதில் தெளிவானது. தோட்டா ஏற்றிய துவக்கு வாகனத்தில் இருக்கக் கூடாது, ஏ.டி.வி.யும் வாகனம்தான். வாகனத்தில் இருந்தபடி சுடவும் கூடாது. குழலின் அடியில் தோட்டா வெடிக்கிற அறையான சேம்பரில் தோட்டா இல்லை என்பது மட்டும் போதாது, துவக்கோடு மாட்டியிருக்கிற மகசினில், அதாவது தோட்டாக்கூட்டில், ஒரு தோட்டா இருந்தாலும் அது ஏற்றிய துவக்குத்தான். சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்திலிருந்து மறுநாள் உதிக்க அரை மணித்தியாலம் இருக்கும்வரை, வேட்டை மிருகம் திரிகிற இடத்தில் துவக்கு உறைக்குள் மூடிக் கிடக்க வேண்டும். விடிய முன்னம் ஓடுகிற எங்கள் வண்டிகளுக்கு அந்த விதி நேராகப் பொருந்தும். காட்டுப் பாதையில் அதிகாரிகள் மறித்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்கிறவனை விட வண்டியைத் தெரிந்தவன் கவனமாக இருப்பான் என்பது என் எண்ணம். அந்த வண்டி எப்படிக் குலுங்கும், எப்போது பிரளும் என்று எனக்குத் தெரியும். விசையைத் தடுக்கிற சேஃப்டியைப் போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சேஃப்டி ஒரு சின்ன இரும்புத் துண்டு. தேயும், அழுக்குப் பிடிக்கும், வழியில் ஒரு கொப்பு உரசினால் தள்ளுப்பட்டும் போகும்.

வெறுமையாக்குவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைத்தான் ஆட்கள் மாற்றிச் செய்வார்கள். மகசின் கழற்றக் கூடிய துவக்கு என்றால் முதலில் மகசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட வேண்டும், அதன் பிறகுதான் போல்ட்டை, அதாவது சேம்பரை மூடித் திறக்கிற இரும்புத் தண்டை, இழுக்க வேண்டும். மகசின் மாட்டியபடி போல்ட்டை இழுத்துத் தள்ளினால் ஒரு தோட்டா வெளியே பாயும், அடுத்தது அமைதியாக உள்ளே போய் இருக்கும், ஆளும் ஒன்று வெளியே விழுந்ததைக் கண்ணால் கண்ட நிம்மதியில் இருப்பார். அதேபோல மகசினை மட்டும் கழற்றிவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், சேம்பருக்குள் ஒன்று இருக்கும். குழலின் கீழே நீளக் குழாயாக மகசின் உள்ள பழைய லீவர் துவக்குகளில் பலதில், ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், குளிரில் விறைத்த விரலோடு அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. எல்லாம் முடிந்த பிறகு போல்ட்டைத் திறந்து வைத்து, வெளிச்சம் பிடித்துச் சேம்பரைப் பார்க்க வேண்டும். இருட்டென்றால் சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பேன். இரும்பு அப்படிக் குளிரும், ஆனால் விரல் பொய் சொல்லாது.

சரி, வெறுந் துவக்கை எங்கே வைப்பது? புதிதாக வருகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். படத்துக்கு நல்லாயிருக்கும். அந்த வண்டியில் ஆள் சும்மா குந்தியிருக்க முடியாது, வளைவில் உடம்பைச் சாய்க்க வேண்டும், ஏற்றத்தில் முன்னுக்குக் குனிய வேண்டும். குனிந்தால் குழல் ஹெல்மெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அது ஒரு கொப்பில் மாட்டினால் ஆளைப் பின்னுக்கு இழுத்து விழுத்தும். வண்டி பிரண்டால் முதுகெலும்புக்கும் நிலத்துக்கும் நடுவில் அந்த இரும்பு. கைபிடிக்குக் குறுக்கே மாட்டுகிற ரப்பர் கவ்விகள் உண்டு, விலையும் மலிவு, மாட்டவும் எடுக்கவும் சுகம், ஆனால் குழலின் வாய் பக்கத்தில் வருகிற ஆளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே வரும். தவிர, துவக்கின் நீளத்துக்கும் வண்டியின் அகலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் ஒடுங்கின பாதையில் மரத்தில் தட்டும். எனக்குப் பிடித்தது கன் பூட் என்கிற கட்டியான பிளாஸ்டிக் உறை. உள்ளே மெத்தை போட்டது, மூடிப் பூட்டலாம், மழை, சேறு, பனி எதுவும் போகாது. பின் ராக்கில் ஒரு பக்கமாக, வாய் பின்னுக்கும் கீழுக்கும் பார்க்க நான் பூட்டுவேன். பூட்டின போல்ட் நட்டுகளை ஒவ்வொரு நாள் காலையும் சாவி போட்டு இறுக்குவேன், குலுக்கலில் அவை தளராத நாள் இல்லை.

அந்தக் குலுக்கலுக்குக் குறி பார்க்கிற ஸ்கோப்பும் தப்பாது. ஆகவே நீண்ட தூரம் ஓடி வந்த துவக்கை முகாமில் இலக்கு வைத்து ஒருமுறை சுட்டுப் பார்க்கச் சொல்வோம். குழலின் வாயில் மின்சார வேலைக்குப் பாவிக்கிற கறுப்பு டேப்பில் சின்னத் துண்டு ஒட்டுகிற பழக்கமும் அங்கே நல்ல பழக்கம், சுடும்போது குண்டுக்கு முன்னால் வருகிற காற்றே அதைப் பிய்த்துவிடும். சேறோ பனிக்கட்டியோ உள்ளே அடைத்தபடி சுட்டால் குழல் வீங்கும், சிலவேளை வெடிக்கும்.

மூஸ் என்னவோ எப்போதும் வழியில்தான் நிற்கும். இரண்டு மணித்தியாலம் பரணில் குந்தியிருந்தால் வராது, வண்டியில் திரும்பும்போது வளைவில் நிற்கும். அந்த நேரத்தில் பின்னால் வருகிற விருந்தினரின் கை பையில் உள்ள மகசினைத் தேடும். எஞ்சினை நிறுத்து, இறங்கு, வண்டியை விட்டுத் தள்ளி நில், பிறகு உறையைத் திற, பிறகு ஏற்று. இவ்வளவும் செய்வதற்குள் மூஸ் போய்விடும் என்பது உண்மை. பல தடவை போயிருக்கிறது. விருந்தினர் முகம் கறுக்கும், அன்றைக்கு டிப்ஸ் குறையும், அவ்வளவுதான். இன்னொன்று, இறங்கின ஆள் துவக்கை வண்டியில் சாய்த்து வைப்பார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்ல வழுக்கி, யாரும் பார்க்காத நேரத்தில் விழும். மரத்தில் சாய்த்தாலும் அப்படித்தான். நிலத்தில் படுக்க வையுங்கள், இல்லையென்றால் என் கையில் தாருங்கள் என்பேன். தருகிறபோது போல்ட் திறந்திருக்க வேண்டும், நான் பிடித்துவிட்டேன் என்று வாயால் சொல்லும்வரை அவர் விடக் கூடாது.

இதையெல்லாம் தெரிந்துகொள்வது பெரிய விஷயமே இல்லை. கேட்பதுதான் கஷ்டம். காசு கட்டி, அமெரிக்காவிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் வண்டியோட்டி வந்த ஒரு பெரிய மனிதர், பேரப்பிள்ளை கண்டவர், சின்ன வயதிலிருந்து வேட்டைக்குப் போனவர். அவரிடம் ஒரு கறுத்த மெக்கானிக் போய், ஐயா போல்ட்டைத் திறந்து காட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். என்னை நம்பவில்லையா என்கிற பார்வை ஒன்று வரும், அதற்கு எந்த வகுப்பிலும் பதில் சொல்லித் தரவில்லை. எங்கள் முதலாளி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார், அதைப் பற்றி ஒருநாளும் விளக்கம் சொன்னதும் இல்லை. விடிய முன்னம் எல்லாரும் கோப்பியோடு வண்டிகளுக்குப் பக்கத்தில் கூடும்போது, முதலாவதாக அவரே தன் துவக்கை எடுத்து, மகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து என் முன்னால் நீட்டுவார். நான் டோர்ச் அடித்துப் பார்த்து, வெறுமை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மெல்லச் சொன்னால் திரும்பவும் சொல்லச் சொல்வார். முகாமில் ஆகக் குறைந்த சம்பளக்காரனிடம் முதலாளியே காட்டின பிறகு எந்த விருந்தினர் மறுக்க முடியும்? இரண்டாம் நாள் நான் கேட்கவே தேவையில்லை, வரிசையாக வந்து காட்டிவிட்டு ஏறுவார்கள்.

வடிவான ஏற்பாடு, ஆனால் இங்கே அந்த முதலாளி இல்லை.

என் கராச்சுக்கு வன்னியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம். அங்கே கச்சானும் சோளமும் மரவள்ளியும் போடுகிறவர்களுக்குப் பன்றி பெரிய தொல்லை. மிருகம் வருகிற வழியில் தானாக வெடிக்கக் கட்டுத்துவக்கு கட்டுகிற பாவிகளைப் பற்றி நான் பேச வரவில்லை, அது பன்றிக்கும் மனிசனுக்கும் வித்தியாசம் தெரியாத சாமான், சட்டத்துக்கும் விரோதம். முறையாகப் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் எடுத்து, வருடா வருடம் புதுப்பித்து, 12 போர் ஒற்றைக்குழல் வைத்திருக்கிற கமக்காரரைச் சொல்கிறேன். அப்படி ஒரு ஐயா வந்து, மோட்டார்சைக்கிளில் துவக்குப் பூட்டுவதற்கு ஒரு தாங்கி வெல்டிங் செய்து தரக் கேட்டார். இவ்வளவு நாளும் சாக்கில் சுற்றி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு காவல் கொட்டிலுக்குப் போய் வந்தாராம்.

"ஏத்தித்தானோ கொண்டு போறனீங்கள்?" என்று கேட்டேன்.

"பின்னே? பன்றி நிண்டு பாத்துக்கொண்டே இருக்கும், நான் தோட்டா போடுமட்டும்?"

கேட்ட மாத்திரத்தில் அந்த வளைவு மூஸ்தான் ஞாபகம் வந்தது. மிருகம் மாறினாலும் வேட்டைக்காரன் வாதம் ஒன்றுதான். அவரிடம் சட்டம் பேசவில்லை. அவர் துவக்கின் சுத்தியல் வெளியே தெரிகிற பழைய மாதிரி, அப்படிச் சிலதில் சுத்தியல் ஊசியின் மேலேயே படுத்திருக்கும், குன்றும் குழியுமான பாதையில் அதில் ஒரு அடி விழுந்தால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம் என்று மட்டும் சொன்னேன். குழலின் வாய் எங்கே பார்க்கும் என்று கேட்டேன். இடது பக்கம் என்றார். பிறகு தானாகவே, பேரனைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றி வருகிற நாளில் துவக்கு எடுப்பதில்லை என்றார். நான் பேரனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

துவக்கைக் கராச்சுக்குக் கொண்டுவர வேண்டாம், நூல் பிடித்து அளவு மட்டும் கொண்டு வாருங்கள், லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டுங்கள், செய்து தருகிறேன் என்று அனுப்பினேன். அளவு வந்தது. நான் செய்தது முழுத் துவக்குக்கான தாங்கி அல்ல. அந்த மாதிரித் துவக்கில் முன்கட்டையைக் கழற்றி, மடித்தால் குழல் வேறு, தோளில் முட்டுகிற கட்டையான பிடங்கு வேறாக வந்துவிடும். குழலுக்கு ஒரு பிவிசி குழாய், பிடங்குக்குத் தகரத்தில் ஒரு பெட்டி, இரண்டும் பின் சில்லுக்கு மேலே அக்கம் பக்கமாக. இரண்டாகக் கழற்றினால்தான் உள்ளே போகும், கழற்றினபடி துவக்கு வெடிக்க வழியில்லை. யாரும் யாரிடமும் காட்டச் சொல்லிக் கேட்கவும் தேவையில்லை.

ஐயா வந்து பார்த்தார், குழாயைத் தட்டினார், பெட்டியைத் திறந்து மூடினார். "இதென்ன தம்பி, துவக்கைக் கேட்டால் துண்டு துண்டாக்கிப் போட்டீர்" என்றார். பொருத்த அரை நிமிடம்கூட ஆகாது என்றேன். அரை நிமிடத்தில் பன்றி நெடுங்கேணி தாண்டிவிடும் என்றார். கொட்டிலுக்குப் போய் இறங்கின பிறகு பொருத்துங்கள், பன்றி பிறகுதானே வரும் என்றேன். கூலியில் முன்னூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

போன கிழமை அவருடைய மருமகன் போனில் கேட்டார், லாண்ட்மாஸ்டர் பெட்டியிலும் அப்படி ஒன்று பூட்டலாமா என்று. பூட்டலாம், ஆனால் அந்தப் பெட்டி போடுகிற ஆட்டத்துக்குப் பிவிசி தாங்காது, இரும்புக் குழாய்தான் வேண்டும், உள்ளே பழைய டியூப் ரப்பரை இரண்டு மடிப்பாக ஒட்ட வேண்டும். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், துவக்கை வீட்டில் வைத்துவிட்டு.