மூன்று லிட்டர் ஜாடியில் வெள்ளரி: உப்பு ஊறலும் இறுக்கி மூடலும்

ரஷ்யாவில் 1992 ஜனவரி 2-ஆம் தேதி விலைக் கட்டுப்பாடு தளர்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோன வீடுகளுக்குக் குளிர்காலத்தில் கைகொடுத்தவற்றில் டாச்சா எனப்படும் புறநகர்க் கோடை வீட்டின் 600 சதுர மீட்டர் தோட்டமும் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியும் முக்கியமானவை. இன்று எல்லாம் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் ஆகஸ்ட் வந்தால் வெள்ளரி ஊறப்போட ஜாடிகள் வெளியே வந்துவிடும்.

ஒரு ஜாடிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வெள்ளரிப் பிஞ்சு பிடிக்கும். சொரசொரப்பான, கறுப்பு முள் உள்ள ரகம் வேண்டும். வழவழவென்று நீளமாக இருக்கும் சாலட் வெள்ளரி கொழகொழத்துவிடும். பறித்த அன்றே குளிர்ந்த நீரில் நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். வாடிய காயை அப்படியே போட்டால் உள்ளே பொந்து விழும். பூ இருந்த நுனியைச் சீவிவிடுங்கள். காயைக் குழைய வைக்கும் நொதி அங்கேதான் அதிகம்.

அடியில் விதை கட்டிய சதகுப்பைப் பூங்கொத்து, ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேர்ச் செடியின் இலை, செர்ரி இலை, பிளாக்கரன்ட் என்ற கறுப்புப் பழப் புதரின் இலை, நாலைந்து பல் பூண்டு. மொறுமொறுப்பைக் காப்பது இலைகளின் துவர்ப்பு. லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள். வினிகர் வேண்டாம்.

அறையிலேயே மூன்று நாள். நுரை கட்டும், நீர் கலங்கும். நுரை அடங்கியதும் உப்புநீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஜாடி விரிசல் விடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி வடித்து, கொதிக்கவிட்டு, விளிம்பு வரை நிரப்புங்கள். ரப்பர் வளையம் உள்ள தகர மூடியைக் கைக்கருவியால் சுற்றி இறுக்க வேண்டும். விரலால் திருகும்போது மூடி நகர்ந்தால் இறுகவில்லை என்று அர்த்தம்.

அடியில் வெள்ளையாகப் படிவது லாக்டிக் பாக்டீரியா, பயமில்லை. மூடி மேலே புடைத்தால், நொதிப்பு அடங்கும் முன்பே மூடியிருக்கலாம். காரணம் எதுவானாலும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இந்த முறையைக் காளானுக்குப் பயன்படுத்தவே கூடாது. மண்ணோடு வரும், உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நஞ்சான போட்டுலிசத்தின் கிருமி காற்றில்லாத ஜாடியில்தான் நஞ்சு கக்கும். நன்கு புளித்த வெள்ளரியில் அதற்கு இடமில்லை.

சோவியத் தலைவர் குருஷ்சோவ் காலத்து அடுக்ககங்களில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரை ஒட்டி ஓர் அலமாரி இருக்கும். பனிக்காலத்தில் அதுவே குளிர்சாதனப் பெட்டி; ஜாடிகளுக்கு ஏற்ற இடம்.

காய் தீர்ந்ததும் உப்புநீரைக் கொட்டாதீர்கள். பார்லி போட்ட ரசோல்னிக் சூப்புக்கு அதுதான் புளிப்பு. உருளைக்கிழங்கு வெந்த பிறகே ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் கிழங்கு எவ்வளவு நேரமானாலும் விறைப்பாகவே நிற்கும்.