டீயும் சத்து மாத்திரையும்

"மாத்திரையை எதோட முழுங்குற?"

"டீயோடதான்க்கா."

இன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரிசை. அண்ணன் மகளுக்குத் துணையாகப் போயிருந்தேன். கிராம சுகாதார செவிலியர் அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 9.

"டீ இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது கண்ணு. மாத்திரைக்கும் டீக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடு. ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்கோ. மலம் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திடாத."

பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் கேட்டுக்குங்க."

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் தாங்கும் தெம்பு அந்த உடம்பில் இருக்காது.

ஸ்கேன் படம் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கிறது. டீயைப் பற்றிக் கேட்டது இந்த அக்கா ஒருவர்தான்.

இவரைப் போன்ற செவிலியர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, வீடு வீடாக நடை, அதற்கு மேல் கணினிப் பதிவு வேறு. இவ்வளவுக்கும் நடுவில் இமையை இழுத்துப் பார்க்க நேரம் வேண்டுமே!

கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களில் ஒன்றுகூடக் காலியாகக் கிடக்கக் கூடாது.