பனிஹாலில் மதியம், மடிப்பாக்கத்தில் விடியற்காலை

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு ஐ.எஸ். 7861 என்ற எண் பழக்கமாக இருக்கும். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் கான்கிரீட் போடுவது எப்படி என்று சொல்லும் இந்தியத் தர விதி அது. 1975-ல் வந்த முதல் பகுதி வெயிலுக்கு. 40 டிகிரியைத் தாண்டினால் ஜல்லியை நிழலில் வை, தண்ணீரைக் குளிர்வி, வேண்டுமானால் ஐஸ் போடு, போட்ட தளத்தைக் காயவிடாமல் மூடு என்கிறது. இரண்டாம் பகுதி குளிருக்கு. 5 டிகிரிக்கு இறங்கினால் தண்ணீரைச் சூடாக்கு, போர்த்தி வை, உறைய விடாதே. கான்கிரீட்டை இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறோம். அதைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமக்கிற சித்தாள் எத்தனை டிகிரியில் வேலையை நிறுத்த வேண்டும் என்று என் சைட்டுக்கு வந்து இதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் சிவில் இன்ஜினியர். கொஞ்ச காலம் கத்தார் நாட்டுத் தோஹாவில் இருந்தேன். பிறகு காஷ்மீரில் பனிஹால் பக்கம் ஒரு சாலை வேலை. இப்போது சென்னையில் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வட்டாரத்தில் தனி வீடுகள் கட்டித் தருகிறேன். வெயிலையும் குளிரையும் ஜனங்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று மூன்று ஊரிலும் கவனித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: உடுப்பு, சாப்பாடு எல்லாம் பாதிதான் காப்பாற்றும். எந்த நேரத்தில் வேலை செய்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பதுதான் மீதி.

பனிஹாலில் டிசம்பர் 21-ல் 'சில்லே கலான்' ஆரம்பிக்கும். நாற்பது நாள், குளிரின் உச்சம். நம் கத்திரி வெயிலுக்கு நேர் எதிர். காலையில் கம்பியை வெறும் கையால் தொட முடியாது. குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். கான்கிரீட் என்றால் பதினோரு மணிக்கு மேல்தான், மூன்று மணிக்குள் முடித்து, சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடிவிட வேண்டும். பதினோரு மணி வரை உள்ளூர் ஆட்கள் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஃபெரன் என்ற தொளதொள கம்பளி அங்கியின் இரண்டு கைப்பகுதியும் காலியாகத் தொங்கும். கைகள் உள்ளே, காங்ரியைப் பிடித்தபடி இருக்கும். பிரம்புக் கூடைக்குள் ஒரு சின்ன மண்சட்டி, அதில் கரித்தணல், மேலே சாம்பல் மூடாக்கு. தணல் மங்கும்போது ஒரு சின்னக் கரண்டியால் சாம்பலைக் கிளறி, மறுபடி அங்கிக்குள் இழுத்துக்கொள்வார்கள். நடந்தாலும் உட்கார்ந்தாலும் அது வயிற்றோடு ஒட்டியே இருக்கும். முதலில் எனக்குத் திக்கென்று இருந்தது. துணிக்குள் நெருப்பு! அவர்களோ அதோடேயே உட்கார்ந்து உப்புப் போட்ட டீ குடிப்பார்கள்.

வசதியான வீடுகளில் ஹமாம் என்று ஒரே ஒரு அறை இருக்கும். கல் தளத்துக்குக் கீழே விறகு எரியும். குளிர் முடியும் வரை குடும்பமே அந்த அறைக்குள் குடியேறிவிடும். கோடையிலேயே கத்தரிக்காய், சுரைக்காயைக் கோத்துக் காயவைத்து வைத்திருப்பார்கள். மே மாத மாடியில் வத்தல் போடுகிற நமக்கு அது புதுசில்லை.

தோஹாவில் பிரச்சினை வெயில் மட்டுமில்லை, கடலோர ஈரமும்தான். அங்கே இப்போது ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. 2021-ல் வந்த சட்டம். அதோடு இன்னொரு அளவும் வைத்திருக்கிறார்கள். சாதாரண தெர்மாமீட்டர் காட்டுவதில்லை அது. நனைந்த திரி சுற்றிய ஒரு தெர்மாமீட்டர், கறுப்பு உருண்டைக்குள் ஒன்று, நிழல் வெப்பத்துக்கு ஒன்று, இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போடும் அளவு. அது 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும்.

நனைந்த திரி எதற்கு என்றால், உடம்பைக் குளிர்விப்பது வியர்வை இல்லை, வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. ராஜஸ்தானில் 42 டிகிரியில் ஏர் கூலர் ஜில்லென்று வீசும். அதே கூலரைச் சென்னையில் 37 டிகிரியில் போட்டுப் பாருங்கள், அறை இன்னும் கசகசக்கும். கடல் காற்று மதியத்துக்கு முன்னால் உள்ளே வந்தால் பிழைத்தோம். மேற்குக் காற்று அதைத் தடுத்து நிறுத்துகிற நாட்களில்தான் பாதரசம் எகிறும். 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி.

உடம்பும் பழகும், ஆனால் ஒன்றிரண்டு வாரம் கேட்கும். அதற்குள் வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதில் உப்பு குறையும். அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கும், ஊருக்குப் போய் வெகுநாள் கழித்துத் திரும்புகிறவர்களுக்கும் முதல் வாரம் நிழல் வேலைதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "தெம்பாத்தான் சார் இருக்கான்" என்பார் மேஸ்திரி. தெம்பாக இருக்கிறவன்தான் நிறுத்தாமல் செய்து சுருண்டு விழுவான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வேலை செய்யும் திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருவர், முன்பெல்லாம் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு சாயங்காலம் வரை ஓட்டிவிடுவாராம். ஏன் என்று கேட்டேன். "குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே சார், சுத்தி எல்லாம் வீடு" என்றார். மே மாதம், தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, உள்ளே தண்ணீர் இல்லாத உடம்பு. எத்தனை நீர்மோர்ப் பந்தல் வைத்தாலும் இதற்கு அது பதில் ஆகாது. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை ஒன்றைக் கட்டித்தான் நான் வேலையை ஆரம்பிக்கிறேன். செலவு வீட்டுக்காரர் எஸ்டிமேட்டில் முதல் வரியாகவே இருக்கும். இப்போது அந்த அக்கா கேழ்வரகுக் கூழ் ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து பத்து மணிக்கு வெங்காயத்தோடு குடிக்கிறார்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல அறிவிப்பு, மனசார வரவேற்கிறேன். அடுத்த படியாக உயிர் போகாமலிருக்க நேரக் கட்டுப்பாடு வேண்டும். '12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்' என்கிற ஆலோசனையைக் கொத்தனார் கடைப்பிடிக்க முடியாது, கூலி போய்விடும். அது சட்டமாக வந்தால், கூலியும் குறையாமல் இருந்தால், முடியும்.

அதுவரை எங்கள் சைட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஐந்தரைக்கு வேலை ஆரம்பம், பதினொன்றரைக்கு நிறுத்தம், மறுபடி நாலு மணிக்கு மேல் வெளிச்சம் போகும் வரை. கூலி முழு நாளுக்கு. தளம் போடுகிற நாளில் ரெடிமிக்ஸ் வண்டி இன்னும் முன்னதாகவே வந்துவிடும். கான்கிரீட்டுக்கும் அதுதான் நல்லது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான். கைக்குழந்தை இருக்கும், நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்தவர் இருப்பார். அதனால் முதல் நாள் மாலையே தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன். காரணம் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டினால், மே மாத விடியலில் மிக்சர் ஓடினால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்கு ஓடினால் மட்டும் போய் ஏன் என்று கேளுங்கள்.