குருமனைக்கு வந்தவள்

இருபத்து மூன்று வருடமாக நான் ஐயரம்மா, அதாவது கிறிஸ்தவ சபைப் போதகரின் மனைவி. திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள், மாறிவிட்டோம். எந்த ஊரானாலும், புருஷனிடம் அடிவாங்கியவள் போலீஸுக்குப் போகமாட்டாள். போதகர் குடியிருக்கும் குருமனையின் அடுப்படி வாசலுக்குத்தான் வருவாள்.

முதல் சேகரத்தில் அப்படி ஒருத்தி வந்தாள். கழுத்தில் விரல் தடம் சிவந்து கிடந்தது. என் வீட்டு ஐயா அவள் புருஷனையும் கூப்பிட்டனுப்பி, இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியவும் புருஷன் மனைவியிடம் அன்புகூரவும் சொல்லும் எபேசியர் 5ஆம் அதிகாரத்தை வேதாகமத்திலிருந்து வாசித்து, ஜெபித்து அனுப்பினார். நான் காப்பி கொடுத்தேன். "வீட்டு விஷயத்தை ஐயர்கிட்ட சொல்லுவியா" என்று அன்று ராத்திரியே அவளுக்கு விழுந்தது. அதற்கப்புறம் அவள் குருமனைப் படி ஏறவில்லை.

இப்போது குருமாருக்கு நடக்கும் பயிற்சியில் எனக்கும் ஒரு மணி நேரம் தருகிறார்கள். அந்தப் பெஞ்சிலிருந்துதான் ஆரம்பிப்பேன். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைக்காதீர்கள். அவன் முன்னால் அவள் உண்மையைச் சொல்லமாட்டாள், சொன்னால் வீட்டில் அதற்கும் அடி. தனியாகக் கேளுங்கள். கழுத்தை நெரித்தானா என்று கட்டாயம் கேளுங்கள். நெரித்த கை ஒருநாள் கொல்லவும் கூடும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

வேதாகமத்தில் மல்கியா 2:16ஐ எல்லாரும் பாதிதான் பிரசங்கிக்கிறோம். "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று, மனைவியை விலக்குவதைக் கண்டிப்பதோடு நிறுத்திவிடுவோம். அதே வசனத்தில், "கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்றும் இருக்கிறதே, அதை யார் வாசிப்பது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள, கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பெண்கள் உட்காரும் பக்கத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்குங்கள் என்பேன்.

சட்டம் பேசினால்தான் குருமார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். வீடு புருஷன் பேரில் இருந்தாலும், குடும்பம் நடத்திய வீட்டில் தங்க அவளுக்கு 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. போலீஸ் கேஸ் போடாமலே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். போவதா, பொறுப்பதா என்பதை மட்டும் அவளே முடிவு செய்யட்டும்.

போன தடவை ஒரு சின்ன ஐயர் எழுந்து கேட்டார்: "அப்ப நாங்க ஜெபிக்கவே வேண்டாமாம்மா?"

"ஜெபிங்க ஐயா. உங்க வீட்டம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அடிபட்டு வந்தவளோட மட்டும் ஜெபிங்க, புருஷனைச் சேர்க்காம. முடிச்சதும், பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடட்டுமான்னு அவகிட்ட கேளுங்க."

அவர் அந்த நம்பரைத் தன் வேதாகமத்தின் உள் அட்டையில் எழுதிக்கொண்டார்.