மருந்துக் கவுண்டரில் மாணவர்கள்: பயிற்சி நாட்குறிப்பு

ஜனவரி 20, 2025

மருந்தியல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதி முடித்த மாணவர்களுக்கு இன்று கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் நடைமுறைப் பயிற்சி தொடங்கியது. குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணி நேரம் என்று 2020ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குமுறை வரையறுத்திருக்கிறது. அந்த நேரம் முழுவதும் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து உறையிலிடுவதிலேயே கழிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. மருந்தின் அளவு, உட்கொள்ளும் முறை, பக்கவிளைவு, சேமிப்பு, ஒரு வேளை மருந்தைத் தவறவிட்டால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கும் கடமையை 2015ஆம் ஆண்டின் மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் பதிவுபெற்ற மருந்தாளுநரிடமே ஒப்படைத்துள்ளன. இந்தப் பட்டியல் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் எதிரே நிற்பவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கேட்டறிய எந்தப் பட்டியலும் கற்றுத் தருவதில்லை.

ஜனவரி 22

ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரை வாங்க வந்தார். "காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று" என்று மாணவி பிழையின்றிச் சொன்னாள், அவரும் தலையசைத்தார். காலையில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவார் என்று கேட்கும்படி நான் சொன்னேன். "நாலு மணிக்குக் கட்டஞ்சாயா குடிச்சிட்டு, மாத்திரையும் போட்டுட்டு வெட்டுக்குப் போவேன் மக்களே. பால் எடுத்து முடிச்சு வந்து, பத்து மணிக்குத்தான் கஞ்சி" என்றார் அவர்.

இந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவு வயிற்றுக்கு வந்ததா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். விடிவதற்கு முன் மலைச்சரிவில், கையில் வெட்டுக்கத்தியோடு நிற்பவருக்கு வியர்வையும் நடுக்கமும் தலைசுற்றலும் வந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்களிடமே கேட்டேன். நேரத்தை நாமாக மாற்றக் கூடாது என்பதால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினோம். பத்து மணிக் கஞ்சிக்குச் சற்று முன் போடலாம் என்றார் அவர். தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை மாணவியே விளக்கி, வேலைக்குப் போகும்போது 15 கிராம் குளுக்கோஸாவது சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அவளுடைய குரலில் முதன்முறையாக ஒரு பொறுப்பு தெரிந்தது.

ஜனவரி 23

உறிஞ்சு மருந்துக் கருவி (இன்ஹேலர்) பயிற்சி. குலுக்குதல், மூச்சை வெளியே விடுதல், உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துதல், பத்து வினாடி அடக்கிவைத்தல், ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளித்தல். கையில் கருவியின்றி இதைப் பேசிப் பயனில்லை.

ஜனவரி 28

தூத்தூரைச் சேர்ந்த அம்மா ஒருவர், ஆழ்கடலுக்குப் பல வாரம் போகும் கணவருக்காக இன்சுலின் வாங்கினார். படகில் மீனுக்கான ஐஸ் நிறைய இருக்கும், அதற்குள் வைத்துக்கொள்ளலாமே என்றான் ஒரு மாணவன். ஐஸைத் தொட்டு உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகும் பயன்படாது. திறக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். எனவே ஐஸ் படாதபடி துணியில் சுற்றி, தனிப்பெட்டியில் வைக்கச் சொன்னோம். திறந்த குப்பி, வெயில் படாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும்.

கவுண்டருக்கு வருபவர் ஒருவர், ஊசி போட்டுக்கொள்பவர் வேறொருவர், இடையில் கடல். ஆகவே கேட்டதைத் திரும்பச் சொல்லும்படி அந்த அம்மாவை வேண்டிக்கொண்டோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை, "அண்ணன்ட்ட எப்படிச் சொல்லுவீங்கக்கா?" என்று மாணவன் கேட்டபோதுதான், ஐஸில் வைக்கக் கூடாது என்பது அவர் மனத்தில் பதியவில்லை என்று தெரிந்தது. மறுபடி சொல்லி, பெரிய எழுத்தில் ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தோம்.

ஜனவரி 31

மதிப்பீட்டுத் தாளை மாற்றி எழுதினேன். சொன்ன தகவல்களுக்கு மட்டுமே இருந்த மதிப்பெண்ணில் பாதியை, மாணவர் கேட்ட கேள்விகளுக்கும் நோயாளி திரும்பச் சொன்னதற்கும் ஒதுக்கியிருக்கிறேன். திங்கள்கிழமை மார்த்தாண்டத்தில் மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம். நாள்தோறும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தான மருந்து என்பதால், எந்தக் கிழமை என்பதை நோயாளியின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.