மாமாவுக்கு வாசித்துக் காட்டும் புத்தகங்கள்: ஆறாவது மாதம்

இப்போது கையில் இருப்பது தெளிவத்தை ஜோசப்பின் ‘குடைநிழல்’. நேற்றிரவோடு பாதி தாண்டிவிட்டது. வாசிக்கிறேன் என்பதைவிட வாசித்துக் காட்டுகிறேன் என்பதுதான் சரி. கேட்பவர் என் மாமா, கணவரின் அப்பா. ஊர் வன்னியில் முள்ளியவளை. எங்களோடு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து நாலு வருஷமாகிறது. கண்ணில் பிரஷர் என்று சொட்டுமருந்து விடுகிறார், பெரிய எழுத்துத் தலைப்புகளை மட்டும் பேப்பரைச் சரித்துப் பிடித்து வாசிப்பார், உள்ளே இருக்கும் செய்தி தெரியாது. போன டிசம்பரில் ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வாசிச்சுக் கனகாலமாச்சுது பிள்ளை” என்றார். அடுத்த மாதமே தொடங்கிவிட்டோம்.

இரவு எட்டு மணிக்கு, அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். எங்கள் ஒழுங்கை கடற்கரைப் பக்கம் இறங்குவது, ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். ரயில் சத்தம் கேட்டதும் வாசித்துக்கொண்டிருந்த சொல்லில் விரலை வைத்து நிறுத்திவிடுவேன், கடைசிப் பெட்டி போனதும் அந்த வசனத்தை முதலில் இருந்து தொடங்குவேன். அந்த இடைவெளியில்தான் மாமா கதையைப் பற்றி ஏதாவது சொல்வார். ஒரு 80 பக்கக் கொப்பியில் திகதி, பக்கம், அவர் சொன்னது மூன்றையும் குறித்து வைக்கிறேன். இதுவரை ஆறு புத்தகம் முடிந்தது, ஒன்று பாதியில் நின்றது, ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலாவதாக எடுத்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல். மாமாவின் ஊர்ப்பக்கத்துத் தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை என்பதால் மாமாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன், ஆனால் எனக்கு இவ்வளவு வேலை வைக்கும் என்று நினைக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனை. வன்னிப் பேச்சு காதில் விழுந்திருக்கிறது, வாயில் வந்ததில்லை. மௌனமாக வாசிக்கும்போது உரையாடலைக் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகலாம், சத்தமாக வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இழுவை வேண்டியிருக்கிறது. முதல் மூன்று நாளும் கதாநாயகி பதஞ்சலி பேசுகிற இடமெல்லாம் நான் செய்தி வாசிப்பதுபோல வாசித்திருக்கிறேன். நாலாம் நாள் மாமா கையைக் காட்டி நிறுத்தினார். “பிள்ளை, அது அப்பிடிச் சொல்லுறேல்லை. காட்டுக்குள்ள வளர்ந்த பிள்ளை, அவள் அவசரப்பட்டுக் கதைக்கமாட்டாள்.” பிறகு அந்த வரியைத் தானே சொல்லிக் காட்டினார். புத்தகத்தில் இருந்த அதே சொற்கள்தான், ஆனால் வேறு ஒரு ஆள் அறைக்குள் வந்து நின்றமாதிரி இருந்தது.

அதன் பிறகு உரையாடல் வரும் பக்கங்களை மத்தியானமே ஒருமுறை பார்த்து, இழுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு வைக்கிறேன். சந்தேகமான சொல்லை மாமாவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். அவர் இளவயதில் முள்ளியவளையில் இருந்து குமுளமுனைப் பக்கமாகத் தண்ணிமுறிப்புக்குச் சைக்கிளில் போனவர், ஆகவே ஒரு சொல்லைக் கேட்டால் அந்தக் குளக்கட்டு, அங்கே நின்ற மரம், கூடப் போன ஆட்கள் எல்லாம் சேர்ந்து வரும். ‘நிலக்கிளி’யை முடிக்க மூன்று கிழமை போதும் என்று கணக்குப் போட்டேன், ஐந்தரைக் கிழமை எடுத்தது. முடிவைச் சொல்லமாட்டேன். இதுவரை வாசிக்காதவர்கள் இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள், முடிந்தால் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. இதுவும் 1973, அதே வீரகேசரி பிரசுரம், 1978இல் படமாகவும் வந்தது. நெடுந்தீவில் வாடி (தற்காலிகக் கொட்டில்) போட்டு மீன்பிடிக்க வருகிறவர்களின் கதை. வேகமாக ஓடும் நாவல், வாய்க்குச் சுகம், வசனம் எங்கேயும் சிக்கவில்லை, இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது. ஒரு இரவு மகள் தண்ணி குடிக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள், பிறகு அவளும் தினமும் வந்து உட்காரத் தொடங்கினாள். பதினொரு வயது, கையில் ஃபோன் இல்லாமல் அரை மணித்தியாலம் இருந்தாள் என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் இறக்குமதியாவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது இங்கே உள்ளூர் நாவல்களுக்கு ஒரு இடம் கிடைத்தது, வீரகேசரி பிரசுரங்கள் அந்தக் காலத்தில்தான் பெருகின. மாமா அவற்றை வரவர வாங்கி, வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தாராம். பெட்டியும் இல்லை, வீடும் இல்லை. நான் வாசித்துக் காட்டும் பிரதிகளில் பாதி ‘நூலகம்’ இணையத்தளத்தில் இருந்து இறக்கிய ஸ்கேன் பிரதிகள். 2005இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். டெப்பில் பெரிதாக்கி வாசிக்கிறேன். சில பக்கங்களில் முந்தின சொந்தக்காரரின் கையெழுத்து இருக்கும், சிலதில் மடிப்புக்குள் எழுத்து மறைந்துபோயிருக்கும், அந்த இடத்தில் இரண்டு மூன்று எழுத்தை ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். மாமாவுக்கு மட்டும் டெப் பிடிக்காது. ஒரு புத்தகம் முடிந்தால் அதைக் கையில் வாங்கி அட்டையைத் தடவிப் பார்ப்பார், டெப்பை அப்படிச் செய்ய முடியாதே. அதனால் கிடைக்கிறவற்றை அச்சிலேயே தேடுகிறேன். காலி வீதிப் பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஒரு பகுதி, மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு. அந்தக் கடைகளில் தமிழ்ப் புத்தகம் அடியில்தான் இருக்கும், குனிந்து தேட வேண்டும்.

மார்ச்சில் ஒரு பிழை விட்டேன். ‘அசன்பே சரித்திரம்’ எடுத்தோம். சித்திலெவ்வை 1885இல் எழுதியது, ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது, தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்து ஆறே வருஷத்தில் வந்தது. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. ஆனால் அந்தக் காலத்து வசனங்களை ஒரே மூச்சில் சொல்ல என்னால் முடியவில்லை, எழுவாய் ஒரு பக்கத்தில் கிடக்கப் பயனிலை வருவதற்குள் கேட்பவருக்குக் கதை கைநழுவிப் போகிறது. ஒரு கிழமைக்குப் பிறகு மாமாவே, “இதை நீங்கள் தனிய வாசியுங்கோ, எனக்குக் கதையைச் சொல்லுங்கோ” என்றார். சரி என்று நிறுத்திவிட்டேன். தனியாக வாசிப்பதற்கு இன்றும் பரிந்துரைப்பேன்.

டொமினிக் ஜீவாவின் தன்வரலாறு, ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’, மாமா கேட்டு வாங்கியது. சலூன் வேலையில் இருந்துகொண்டே எழுத்தாளராகி, 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கி, அதைத் தானே தோளில் சுமந்து விற்ற மனிதர். ஜீவா எழுதுவது முன்னால் இருப்பவரோடு கதைப்பதுபோல இருக்கும், ஆகவே வாசிப்பவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வரிகளே இழுத்துக்கொண்டு போகும். இதுவரை வாசித்ததில் என் தொண்டைக்கு மிகவும் லேசான புத்தகம் இதுதான்.

ஏப்ரல் விடுமுறை மகளின் முறை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’வைத் தமிழில் வாசித்தோம். 1947இல் சிங்களத்தில் வந்தது. உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடி, காடு மண்டிய ஒரு சின்னத் தீவில் போய்த் தங்கும் கதை. கொக்கலைக் களப்புப் பக்கம். ஒரு இரவு ரயில் போனபோது நான் வழக்கம்போல் நிறுத்தினேன், மகள் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “இந்தத் தண்டவாளம் கொக்கலைக்கும் போகுதம்மா” என்றாள். பார்த்தேன், உண்மைதான், மாத்தறை போகிற கரையோரப் பாதையில் கொக்கலை ஒரு ஸ்டேஷன். மாமா அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆகஸ்ட் லீவில் மூன்று பேரும் ரயிலில் போவதாகப் பேச்சு.

களைத்து வருகிற நாட்களுக்கென்று அ. முத்துலிங்கத்தின் ‘மகாராஜாவின் ரயில் வண்டி’ தொகுப்பை ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு கதை ஒரே இருப்பில் முடிந்துவிடும், சிரிக்கிற இடம் எங்கே என்று கேட்பவருக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வாசித்துக் காட்டப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாவலுக்கு முன் இவருடைய சிறுகதைகளில் குரலைப் பழக்கலாம்.

இடையில் ஒரு மனவருத்தம். ஒரு தொகுப்பைப் புதிதாகவே வாங்கினேன், பெயர் வேண்டாம். 33ஆம் பக்கத்தில் இருந்து 48 வரை இரண்டு தடவை கட்டியிருந்தது, 49 தொடக்கம் 64 வரை இல்லவே இல்லை. ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கிற 16 பக்கக் கட்டு, மாறிக் கட்டப்பட்டிருக்கிறது. கதையின் உச்சத்தில் வந்து நின்றோம், மாமா காத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கின இடத்தில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை.

மே மாதம் தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைகள். 1979இல் வந்த தொகுப்பு. இங்கே நிலைமை தலைகீழ், மலையகப் பேச்சு எனக்குப் பழக்கம், மாமாவுக்குப் புதிது. கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டில் பதுளையில் இருந்து வந்த குடும்பம், அந்த அக்காவின் குரலை நினைத்துக்கொண்டே வாசித்தேன். மாமா பல இடங்களில் “திரும்பச் சொல்லுங்கோ” என்றார், அர்த்தம் விளங்காமல் இல்லை, அந்தச் சத்தத்தை இன்னொருமுறை கேட்க.

அந்த ருசியில்தான் ‘குடைநிழ’லுக்கு வந்தோம். 2010இல் வந்த சிறிய நாவல், கொழும்பில் ஒரு தமிழனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றியது. இதை எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தொண்ணூறுகளில் மாமா அலுவலாகக் கொழும்புக்கு வந்து போகிறபோதெல்லாம், தங்குகிற வீட்டில் பெயரைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம். செவ்வாய்க்கிழமை இரவு ஒரு பக்கம் முடிந்தது, ரயிலும் இல்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. நிறுத்தவா மாமா என்று கேட்டேன். “இல்லை பிள்ளை, அந்தப் பக்கத்தைத் திருப்பி வாசியுங்கோ, நல்லாய் எழுதியிருக்கிறார்” என்றார். இரண்டாவது தடவை வாசிக்கும்போது என் குரல் தடுமாறியது, அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கொப்பியில் அன்றைய திகதிக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

நடைமுறையில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். அரை மணித்தியாலத்தில் எனக்கு 12 பக்கம் போகும், அதைத் தாண்டினால் குரல் கம்மும், கேட்பவருக்கும் கவனம் போகும். பக்கத்தில் இளஞ்சூட்டுத் தண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களுக்கு நாடகம்போல் குரல் மாற்றத் தேவையில்லை, வேகத்தை மாற்றினாலே போதும், யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். புத்தகம் தெரிவு செய்யும்போது நான் இப்போது பின்னட்டையைப் பார்ப்பதில்லை, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்க்குள் முணுமுணுத்துப் பார்ப்பேன். கடைக்காரர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள், பரவாயில்லை. பெயர்பெற்ற சில நாவல்கள் இந்தச் சோதனையில் அரைப் பக்கம்கூட நிற்கவில்லை, எழுபதுகளின் மலிவுப் பிரசுரங்கள் பல அழகாக நின்றன. ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர்களின் புத்தகம் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது கே. டானியலின் ‘பஞ்சமர்’. பெரிய புத்தகம், வருஷ முடிவு வரை போகலாம். முதல் பகுதியைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து பார்த்தேன், யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் சாதிக் கொடுமையை அவர் எழுதியிருக்கும் முறைக்கு ஒரு தயாரிப்பு வேண்டும், என் குரலுக்கும் மாமாவுக்கும். அதற்கு முன் நடுவில் ஒரு சின்னப் புத்தகம் வைக்க ஆசை. மட்டக்களப்புப் பேச்சில் ஒன்று வேண்டும் என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் பெரிய உதவி. 200 பக்கத்துக்குள் இருக்கட்டும். உரையாடல் நிறைய இருக்கட்டும், இழுக்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுங்கள், நான் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.