வட்டார வள மைய (வட்டாரத்துப் பள்ளிகளுக்கான கல்வித் துறை அலுவலகம்) நாட்குறிப்பு, செப்டம்பர் – அக்டோபர் 2024

செப்டம்பர் 23, திங்கள்

தொழில்வரி இந்த மாதச் சம்பளப் பட்டியலிலேயே போயாக வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதச் சம்பள மொத்தத்தைப் பார்த்துத்தான் அடுக்கு போட வேண்டும். மொத்தம் 21,000 வரை வரி கிடையாது, 75,000-ஐத் தாண்டினால் 1,250. ஜூன், ஜூலையில் சேர்ந்த ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மொத்தம் குறைவாகத்தான் வரும். அதைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகையைப் பிடித்துவிட்டு, பிறகு திருப்பிக் கொடு என்று அலைவது வருடா வருடம் நடக்கும் கூத்து.

இயன்முறை மருத்துவர் மேடம் இன்றிலிருந்து மகப்பேறு விடுப்பு. வீட்டுவழிப் பயிற்சி பெறும் மாற்றுத்திறன் பிள்ளைகளின் அட்டவணையை அவரிடமே கையெழுத்தோடு வாங்கியாயிற்று.

செப்டம்பர் 24, செவ்வாய்

ராயபுரம் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) கணக்குப்படி 30 பிள்ளைகள். வகுப்பறையில் 31. அந்த ஒரு பெண் நான்காம் வகுப்பு. அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாவது முடித்தவள். அவர்கள் இன்னும் அவளைத் தங்கள் பட்டியலை விட்டு விடவில்லை. கட்டணப் பாக்கியாம். பழைய பள்ளி விடுவித்து, எமிஸின் பொதுத் தொகுப்புக்கு வந்தால்தான் இங்கே சேர்க்க முடியும். 16 இலக்க எமிஸ் எண் கையில் இருந்தும் தேடினால் "வேறு பள்ளியில் பயில்கிறார்" என்றுதான் காட்டுகிறது.

ஒரு பிள்ளைதானே என்று மேற்பார்வையாளர் சாரே கேட்டார். பள்ளி மானியத்தின் அடுக்கு அப்படி: 30 வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அந்தப் பெண் கணக்கில் ஏறினால் பள்ளிக்கு 15,000 கூடுதல். இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 வாங்கும் பள்ளிக்கு அது ஆயிரம் ரூபாய், பினாயிலும் துடைப்பமும் வாங்கினால் சரியாகிவிடும். மீதியில் மின்விசிறி, குழாய், சாக்பீஸ், பதிவேடு எல்லாம். இரண்டு வருடம் முன்பு பள்ளித் தெருக் குடும்பங்கள் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போன பிறகுதான் எண்ணிக்கை இந்த விளிம்புக்கு இறங்கியது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5(3): மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது, கொடுக்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை எடுக்கலாம். கட்டணப் பாக்கி என்று சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் இந்த ஜூலையில் சொல்லிவிட்டது. ஆனால் எமிஸில் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டியது பழைய பள்ளிதான். சட்டத்துக்கு லாகின் இல்லை.

தலைமையாசிரியருக்குச் சொன்னது: சேர்க்கைப் பதிவேட்டில் உண்மையான சேர்க்கைத் தேதியோடு இன்றே எழுதுங்கள், வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறட்டும், பெற்றோரிடம் ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்கி வையுங்கள். எமிஸில் பிறகு ஏற்றினாலும் கணக்கெடுப்பு நாளான செப்டம்பர் 30க்கு முன் படித்தாள் என்பதற்குத் தாள் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 25, புதன்

ஆதார் பதிவுப் பெட்டியின் ஜிபிஎஸ் இன்றும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ஆதார் பெட்டி. இடம் பதிவாகாமல் மென்பொருள் உள்ளே விடாது. கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் வில்லைக்கு வானம் தெரியாது. ஜன்னலோரம் மேஜையைப் போட்டால் ஜிபிஎஸ் வந்துவிடுகிறது, கருவிழி போய்விடுகிறது. கண்ணில் வெயில் பட்டால் ஸ்கேனர் எடுக்காது. இரண்டு நாள் சண்டை இதுதான். முடிவு: ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயர், ஜிபிஎஸ் மட்டும் ஜன்னல் விளிம்பில். மேஜை உள்சுவர்ப் பக்கம். பிள்ளைக்குப் பின்னால் வெள்ளைத் திரை, விளக்கு முன்னால்.

விரல்: இடது நான்கு, வலது நான்கு, கடைசியில் இரண்டு கட்டைவிரல். வறண்ட விரலுக்கு ஈரத்துணி, வியர்த்த விரலுக்குக் காய்ந்த துணி. இரண்டும் மேஜையில் இருக்கட்டும். ஸ்கேனர் கண்ணாடியை ஒவ்வொரு பத்துப் பிள்ளைக்கும் துடைக்காவிட்டால் முந்தைய பிள்ளையின் ரேகை நிழலாடும்.

5 வயதிலும் 15 வயதிலும் செய்யும் கட்டாயப் புதுப்பித்தல் உரிய காலத்தில் வந்தால் இலவசம். யாரிடமும் பணம் வாங்கினதாகப் பேச்சு வரக் கூடாது.

பெயர்த் திருத்தத்தில் அவசரம் வேண்டாம், தம்பி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். எமிஸில் இனிஷியலுக்குத் தனிக் கட்டம். ஆதாரில் அது முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல், அப்பா பெயர் முழுசாக என்று எப்படியும் இருக்கும். பொருந்தவில்லை என்றதும் ஆதாரை மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ். மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் எப்படி இருக்கிறதோ அப்படி. எமிஸ் தப்பென்றால் எமிஸில் திருத்துவது சுலபம்.

செப்டம்பர் 30, திங்கள்

பள்ளிகள் காலாண்டு விடுமுறையில். யூடைஸ் (நாடு முழுவதற்குமான பள்ளிப் புள்ளிவிவரம்) கணக்குக்கு இன்றைய தேதிதான் அடிப்படை.

பள்ளியின் 11 இலக்க யூடைஸ் குறியீட்டை இன்னும் சிலர் எமிஸ் எண்ணோடு குழப்புகிறார்கள். மாநிலம் 2, மாவட்டம் 2, வட்டாரம் 2, வார்டு 3, பள்ளி 2. 3302 என்று தொடங்காத எண் நம்முடையது இல்லை, திருப்பி அனுப்புங்கள்.

கழிப்பறைக் கட்டத்தில் மொத்தம் எத்தனை, பயன்பாட்டில் எத்தனை என்று இரண்டு கேள்வி இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாததும் தண்ணீர் வராததும் முதல் எண்ணில் வரும், இரண்டாவதில் வராது. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வருடம் பழுதுபார்ப்புப் பணம் வரவில்லை என்று புலம்பினால் யார் என்ன செய்வது?

ஒப்பந்தப் பணியாளர் சம்பளம் ஏறவில்லை.

31 இன்னும் 30.

அக்டோபர் 4, வெள்ளி

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான மருத்துவ முகாம் ஏற்பாடு. எலும்பு, கண், காது, மனநலம் என நான்கு மேஜை. நான்கும் தரைத்தளத்தில். சாய்தளத்தின் மேல் சாமியானாக் கயிறு கட்டாதீர்கள். சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். பலகையைச் சாய்த்து வைத்து ஒப்பேற்றினால் சக்கர நாற்காலி பின்னால் சாயும்.

காது மேஜையைத் தெருப்பக்கம் போடக் கூடாது. ஆட்டோ ஹாரனும் ஜெனரேட்டரும் கேட்கும் அறையில் எடுத்த ஒலிப்பரிசோதனையை மருத்துவர் ஏற்க மாட்டார். காதில் அழுக்கு இருந்தால் அன்றைக்குப் பரிசோதனையே நடக்காது. அதனால் முகாமுக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுத்தம் செய்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். முகாமன்று சொல்லிப் பயனில்லை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவுச் சோதனை முகாமில் முடியாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தேதி வாங்கிக்கொடுத்து அனுப்ப வேண்டும். "அனுப்பப்பட்டது" என்று எழுதி மூடிவிடக் கூடாது, போனார்களா என்று ஒரு கட்டம் சேருங்கள்.

2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள். படிவத்தில் பழைய ஏழு வகைதான் அச்சாகியிருக்கிறது. தலசீமியா பிள்ளைக்கும் கற்றல் குறைபாட்டுப் பிள்ளைக்கும் "இதர" என்று ஒரே கோடு. புதுப் படிவம் நகலெடுக்கவும்.

மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 வீதம் பத்து மாத உதவித்தொகை. வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு பிடிக்கும் கணக்கில் போட்டால் வங்கிதான் உதவித்தொகை வாங்கும்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி திறப்பு. இரண்டாம் பருவப் புத்தகம், ஏழாம் வகுப்பு வரை. பயிற்றுமொழியைப் பார்த்துக் கட்டு எண்ணவும். தமிழ்வழிக் கட்டில் ஆங்கிலவழிக் கணக்குப் புத்தகம் கலந்து வருவது வழக்கமாகிவிட்டது. ராயபுரத்துக்கு நான்காம் வகுப்பில் ஒன்று சேர்த்துக் கொடுங்கள், கையிருப்பிலிருந்து. எமிஸ் சொல்லும் எண்ணுக்குத்தான் ஒதுக்கீடு, பிள்ளை வெறுங்கையோடு உட்கார முடியாது.

சம்பளம் இல்லை. பயணநாட்குறிப்பு மட்டும் கேட்கிறார்கள்.

அக்டோபர் 9, புதன்

அம்பத்தூர்ப் பள்ளிக்குப் போன்.

"மேடம், பாக்கி கட்டிட்டு வரச் சொல்லுங்க, உடனே விடறோம்."

"சார், பாக்கிக்கு நீங்க தனியா என்ன வேணா பண்ணிக்கங்க. பொண்ணை விடுங்க."

"கரஸ்பாண்டென்ட் ஊர்ல இல்ல மேடம்."

போனில் இனிப் பயனில்லை. எமிஸில் கோரிக்கை எழுப்பி, அதன் படத்தோடு மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கடிதம். பிரிவு எண் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 14, திங்கள்

மழை வருகிறது. ஆதார் பெட்டி, யுபிஎஸ், சர்வீஸ் ரிஜிஸ்டர்கள் மாடிக்கு. எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சித் தாள்கள் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே, சுவரைத் தொடாமல்; சுவர் வழியாக ஏறும் ஈரம்தான் தாளைக் கெடுக்கும். அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலைத் தாள்களையும் கலக்காமல் அடுக்குங்கள், பிரிக்க ஒரு வாரம் ஆகும். தரைத்தளப் பிளக் பாயிண்டுகளின் மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பவும்.

அக்டோபர் 15, செவ்வாய்

பள்ளிகளுக்கு விடுமுறை.

அக்டோபர் 16, புதன்

இன்றும்.

அக்டோபர் 18, வெள்ளி

பள்ளிவாரியாகக் கேளுங்கள்: தண்ணீர் நின்றதா, சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறதா, சத்துணவு அரிசி நனைந்ததா. மின்கசிவு சந்தேகம் இருந்தால் அந்த அறையைப் பூட்டி, எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை திறக்க வேண்டாம். "பாதிப்பு இல்லை" என்று போனில் சொன்னால் போதாது, படம் வேண்டும். தேதியும் இடமும் படத்திலேயே பதியட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

விட்டுவிட்டார்கள்! காலை பத்தரைக்குப் பொதுத் தொகுப்பில் பெயர். ராயபுரம் தலைமையாசிரியர் பாடவேளையில் இருக்கிறார், மதியம் சேர்ப்பதாகச் சொன்னார்.

மாலை: சேர்க்க முடியவில்லை. விடும்போது காரணம் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். பெற்றோர் கோரிக்கை என்பதைத் தேர்வு செய்யாமல் "இடைநின்றவர்" என்று அழுத்தியிருக்கிறார்கள். வேண்டுமென்றா, கை தவறியா என்று ஆராய நேரமில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பள்ளி செல்லாக் குழந்தைகள் களஆய்வுப் பட்டியல் வந்திருக்கிறது. நம் வட்டாரத்துப் பக்கத்தில் அந்த ராயபுரத்துப் பெண்ணின் பெயர். பயிற்றுநர் ஒருவர் வீட்டுக்குப் போய், பிள்ளை கிடைத்தாளா, ஏன் நின்றாள், மீண்டும் சேர்க்க என்ன நடவடிக்கை என்று எழுதிப் படம் எடுத்து ஏற்ற வேண்டும்.

பயிற்றுநர் அக்காவிடம் சொல்லியாயிற்று: வீட்டுக்குப் போக வேண்டாம், வகுப்புக்குப் போங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படம், சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கம், செப்டம்பர் வருகைப் பக்கம் மூன்றையும் எடுங்கள். "மீண்டும் சேர்க்கப்பட்டார்" என்ற கட்டத்தில் இன்றைய தேதியைப் போடாதீர்கள்! போட்டால் செப்டம்பர் 30 கணக்கிலிருந்து வெளியே போய்விடுவாள். பதிவேட்டுத் தேதிதான். கட்டம் பழைய தேதியை ஏற்காவிட்டால் காலியாக விட்டுவிட்டு மாவட்ட ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்போம்.

அக்டோபர் 25, வெள்ளி

தீபாவளி 31 வியாழன். சம்பளத்தில் பிடித்த வருமான வரிக் கணக்கான 24க்யூ படிவத்துக்கும் அதே நாள்தான் கடைசி, ஆடிட்டர் ஆபீசில் அன்று யாரும் இருக்க மாட்டார்கள். திங்களுக்குள் பான் எண் தராதவர்களுக்கு 20 சதவீதம் வரி பிடிக்கும்.

கட்டம் பழைய தேதியை ஏற்கவில்லை.